‘நேரம் கிடைத்தால்’ என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள்: நினைத்ததைச் செய்துமுடிக்க ஒரு வரித் திட்டம்

“நேரம் கிடைத்தால் படிக்கிறேன்.” “உடம்பு ஒத்துழைத்தால் நடக்கப் போகிறேன்.” “மனசு சரியாக இருந்தால் இன்றைக்கு எழுதிவிடுவேன்.”

இந்த மாதிரி வரிகளை நாம் எல்லோரும் சொல்கிறோம். மனதார விரும்பித்தான் சொல்கிறோம். ஆனாலும் நாள் முடியும்போது புத்தகம் திறக்கப்படாமலே கிடக்கிறது. சோம்பல் என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். எனக்கென்னவோ, தப்பு அந்த வரியின் முதல் பாதியில் இருப்பதாகவே படுகிறது. நேரம் கிடைத்தது என்று யாரும் மணி அடித்துச் சொல்வதில்லை. அது கண்ணுக்குத் தெரியாது, காதில் விழாது. அப்படிப்பட்ட ஒன்றுக்காகக் காத்திருந்தால், அது வந்து போனதுகூட நமக்குத் தெரியாது.

இந்த முதல் பாதியை மட்டும் மாற்றி எழுதும் முறையைத்தான் இங்கே சொல்லித்தரப் போகிறேன். ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்று ஒரே வரியில் எழுதும் திட்டம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990-களில் இருந்து இதை ஆராய்ந்துவருகிறார். அவர் சொல்வது இதுதான்: என்ன வேண்டும் என்று முடிவெடுப்பது ஒரு வேலை, எப்போது, எங்கே, எப்படி என்று முடிவெடுப்பது இன்னொரு வேலை. நம்மில் பலர் முதல் வேலையோடு நிறுத்திவிடுகிறோம்.

பிரிட்டனில் 248 மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. வாரத்தில் ஒருமுறையாவது 20 நிமிடம் நன்றாக உடற்பயிற்சி செய்கிறார்களா என்று பார்த்தார்கள். எதுவும் சொல்லாமல் விட்டவர்களில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று படிக்கக் கொடுத்து ஆர்வமூட்டியவர்களில் 35 சதவீதம். ஆர்வமூட்டியதோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதவும் வைத்தவர்களில் 91 சதவீதம்! ஆர்வம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆனால் எல்லா இடத்திலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வராது. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம், ஃப்ளூ தடுப்பூசி போடும் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொன்னபோது, போட்டுக்கொண்டவர்கள் 33 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாக உயர்ந்தார்கள், அவ்வளவுதான். ஒரு வரிக்கு அதுவும் நல்ல பலன்தான். மந்திரம் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இது ஏன் வேலை செய்கிறது? ஒருவர் நமக்கு வழி சொல்கிறார்: “நேரே போங்க, பச்சை கேட் வந்ததும் இடது பக்கம் திரும்புங்க.” அதற்கப்புறம் நம் கண் தானாகவே பச்சை கேட்டைத் தேடுகிறது. வந்ததும் இடதா வலதா என்று யோசிப்பதில்லை, கால் திரும்பிவிடுகிறது. முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. நமக்கு நாமே வழி சொல்லிக்கொள்வதுதான் இந்தத் திட்டம்.

சரி, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரே ஒரு இலக்கு

ஒன்றே ஒன்று. ஐந்தாறு இலக்குகளுக்கு ஒரே நேரத்தில் இப்படித் திட்டம் போட்டால் பலன் குறைந்துவிடுகிறது என்று எமி டால்டன், ஸ்டீபன் ஸ்பில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் காட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக எழுதிப் பார்க்கும்போது, எத்தனை கஷ்டம் என்பதுதான் முதலில் கண்ணில் படுகிறது, பிடிப்பு தளர்ந்துவிடுகிறது.

இலக்கை எழுதியதும் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் இதைச் செய்வதை யாராவது வீடியோ எடுக்க முடியுமா? ‘ஆரோக்கியமாக இருப்பேன்’ என்பதை எடுக்க முடியாது. ‘தினமும் 20 நிமிடம் நடப்பேன்’ என்பதை எடுக்கலாம். எடுக்க முடிகிற மாதிரி வரும்வரை மாற்றி எழுதுங்கள். அப்புறம், அது நீங்களே விரும்பும் இலக்காக இருக்கட்டும். பிறருக்காகத் தலையாட்டிய இலக்கை எந்த வரியாலும் தூக்கி நிறுத்த முடியாது.

படி 2: எந்த இடத்தில் நழுவுகிறது?

என் கதையைச் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு வலது தோள்பட்டை இறுகிப்போனது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, சட்டை போடுவதே பெரும்பாடு. பிசியோதெரபிஸ்ட் மூன்று பயிற்சிகளைப் படம் போட்ட தாளில் கொடுத்தார். காலையும் மாலையும் செய்ய வேண்டும். குணமாக வேண்டும் என்ற ஆசைக்கு எனக்குக் குறையே இல்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் அந்த வலி எழுப்பிவிடும். அப்படியும் முதல் மூன்று வாரத்தில் காலைப் பயிற்சி செய்தது நான்கே நாள். படுக்கப் போகும்போதுதான் தினமும் ஞாபகம் வரும்.

நாள் எங்கே நழுவுகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எழுகிறேன், பல் தேய்க்கிறேன், கூடத்துக்கு வந்து போனை எடுக்கிறேன். அதோடு அரை மணி நேரம் போய்விடுகிறது, பிறகு ஓட்டம்தான். பல் தேய்ப்பதற்கும் போனுக்கும் நடுவில் இருந்த பத்து அடி தூரத்தில்தான் என் பயிற்சி தினமும் காணாமல் போயிருக்கிறது.

உங்கள் நாளையும் இப்படி எழுதிப் பாருங்கள். கடைசியாக நழுவிய மூன்று நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அநேகமாக ஒரே இடத்தில்தான் நழுவியிருக்கும்.

படி 3: முதல் பாதியை எழுதுங்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. ‘வந்தால்’ என்றும் சொல்லலாம், ‘வந்ததும்’ என்றும் சொல்லலாம். ‘வந்தால்’ என்பதில் வராமலும் போகலாம் என்ற சந்தேகம் இருக்கிறது. ‘வந்ததும்’ என்பதில் வரும் என்பது உறுதி. எப்போது என்பது மட்டும்தான் பாக்கி. தினமும் செய்ய வேண்டிய வேலைக்கு ‘தும்’ போட்டு எழுதுங்கள். ‘ஆல்’ பிறகு தேவைப்படும், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

‘தும்’ போட வேண்டும் என்றால், கட்டாயம் நடக்கிற ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘நேரம் கிடைத்ததும்’ என்று எழுதிப் பாருங்கள், அதன் பலவீனம் உடனே தெரியும். ‘செருப்பைக் கழற்றியதும்’, ‘விளக்கை அணைத்ததும்’, ‘லேப்டாப்பை மூடியதும்’ என்று எழுதிப் பாருங்கள். கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், கையால் தொடலாம். அது நடந்ததா இல்லையா என்று உங்களோடு நீங்களே வாதாட முடியாது.

மணியை வைத்து எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். அலாரம் அடிக்கும் என்றால் எழுதலாம். அலாரம் இல்லாத ‘காலை 7 மணி’ யார் கண்ணிலும் படாமல் கடந்துவிடும். நான் முதலில் எழுதிய வரி ‘7 மணி ஆனதும் பயிற்சி’ என்பதுதான். கடிகாரத்தைப் பார்க்கும்போது 7.25 ஆகியிருக்கும். அதை அடித்துவிட்டு ‘பல் தேய்த்து முடித்ததும்’ என்று எழுதினேன். அதிலும் ஓட்டை இருந்தது. முடிப்பது என்றால் எது? வாய் கொப்பளிப்பதா, முகம் துடைப்பதா? அந்தக் குழப்பத்தில் கால் கூடத்துக்குப் போய்விடும். கடைசியில் ‘பிரஷ்ஷைக் கோப்பையில் போட்டதும்’ என்று எழுதினேன். எங்கள் வீட்டில் அது எவர்சில்வர் கோப்பை. பிரஷ் விழும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் எனக்குப் பச்சை கேட்.

இன்னொன்று, அந்த நொடியில் உங்கள் கை காலியாக இருக்கிறதா, செய்ய வேண்டிய இடத்தில்தான் நிற்கிறீர்களா என்று பாருங்கள். பஸ்ஸில் இருந்து இறங்கியதும் கணக்குப் புத்தகம் எழுத முடியாது.

படி 4: இரண்டாவது பாதி

உடம்பின் முதல் அசைவை எழுதுங்கள். ‘பயிற்சி செய்வேன்’ என்பது பெரிய வார்த்தை. ‘குளியலறைக் கதவு நிலையில் வலது கையை வைப்பேன்’ என்பது சின்ன அசைவு. கையை வைத்துவிட்டால் மீதி தானாக வரும். ‘படிப்பேன்’ என்பதைவிட ‘நாற்காலியில் உட்கார்ந்து நேற்று விட்ட பக்கத்தைத் திறப்பேன்’ என்பது நல்லது.

இரண்டாவது பாதியில் ‘மாட்டேன்’ என்று எழுதாதீர்கள். கெட்ட பழக்கத்தை விட விரும்புகிறவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் எழுதுவார்கள்: ‘சலிப்பாக இருந்தால் நொறுக்குத்தீனி தின்ன மாட்டேன்.’ நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தார்கள். இப்படி மறுத்து எழுதும்போது சலிப்பும் தீனியும் மனதில் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்கின்றன, பழக்கம் வலுக்கவும் கூடும் என்று தெரிந்தது. அந்தக் காலியிடத்தில் வேறு ஒரு செயலை வைக்க வேண்டும். ‘படிக்கும்போது கை போன் பக்கம் போனால், பேனாவை எடுத்து அடுத்த வரியின் கீழே கோடு போடுவேன்’ என்று எழுதலாம்.

படி 5: தடைக்கு ஒரு வரி

நம் ‘ஆல்’ இங்கேதான் வருகிறது. தடை தினமும் வராது. வந்தால் என்ன செய்வது என்று முன்பே எழுதிவைக்கிறோம்.

உளவியலாளர் கப்ரியேலே ஓட்டிங்கன் இதற்கு ஒரு வழி சொல்கிறார். முதலில் இலக்கு நிறைவேறியதாக மனதில் பாருங்கள். உடனே, உங்களுக்குள்ளேயே இருந்து அதைத் தடுப்பது எது என்று பாருங்கள். நல்லதை மட்டும் கனவு கண்டால் முயற்சி குறைந்துவிடுகிறது என்பது அவருடைய நெடுநாள் ஆய்வில் தெரியவந்த விஷயம்.

எனக்குத் தடையாக இருந்தது, ‘இன்றைக்கு இறுக்கம் ஜாஸ்தி, நாளைக்குப் பார்க்கலாம்’ என்ற எண்ணம். வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். ஆனால் நான் கையை வைக்கும் முன்பே நிறுத்திக்கொண்டிருந்தேன். அதனால் இப்படி எழுதினேன்: ‘நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றினால், கையை நிலையில் வைத்து ஐந்து எண்ணிவிட்டு இறக்குவேன்.’ அந்த மாதிரி நாட்களில் பெரும்பாலும் ஐந்தோடு நிற்கவில்லை. நின்ற நாட்களும் உண்டு, அதையும் செய்ததாகவே கணக்கில் வைத்தேன்.

கோபத்துக்கும் இது உதவும். ‘என் குரல் உயர்வது என் காதிலேயே விழுந்தால், பேச்சை நிறுத்தி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.’ ‘கோபம் வந்தால்’ என்று எழுதினால் பிடிபடாது, குரல் பிடிபடும்.

படி 6: எழுதி, ஒருமுறை நடித்துப் பாருங்கள்

கையால் எழுதுங்கள். சத்தமாக இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். முடிந்தால் அந்த இடத்துக்கே போய் ஒருமுறை செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான், தள்ளிப்போடாதீர்கள்.

படி 7: ஒரு வாரம் கழித்துத் திருத்துங்கள்

முதல் வரியே சரியாக அமைவது அபூர்வம். ஒரு வாரம் ஓடியதும், தவறிய நாட்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும். அந்தச் சம்பவமே நடக்கவில்லை என்றால், நீங்கள் தேர்ந்தெடுத்தது தினமும் நடக்கிற ஒன்று இல்லை, வேறு தேடுங்கள். நடந்தது, ஆனால் உங்கள் கவனத்துக்கு வரவில்லை என்றால், அதை இன்னும் கூர்மையாக்குங்கள், என் பிரஷ் கதைபோல. நடந்தது, கவனித்தீர்கள், ஆனாலும் செய்யவில்லை என்றால், இரண்டாவது பாதி பெரிதாக இருக்கிறது அல்லது தடைக்கு வரி எழுதவில்லை. எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துவிட்டால், தவறிய நாளும் உபயோகமானதுதான்.

எப்போது இது பழக்கமாகும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள்வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒருநாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. அதனால் பலர் சொல்வதுபோல 21 நாளில் பழக்கமாகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். முதல் வரி யோசிக்காமலே நடக்கத் தொடங்கிய பிறகு இரண்டாவது இலக்கை எடுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். இடம் மாறினால் வரியும் அறுந்துவிடும். நான் வெளியூர் போய்த் தங்கிய முதல் தடவை நான்கு நாளும் பயிற்சி விட்டுப்போனது. அங்கே எவர்சில்வர் கோப்பை இல்லை, அந்தச் சத்தம் இல்லை. இப்போதெல்லாம் பெட்டி கட்டும்போதே ஒரு தற்காலிக வரி எழுதிவிடுகிறேன்: ‘பிரஷ்ஷுக்கு மூடி போட்டதும், பக்கத்தில் இருக்கும் கதவு நிலையில் கையை வைப்பேன்.’ மூடி ‘க்ளிக்’ என்று மூடும் பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன்.