மல்பெரி மொத்தமாகப் பழுக்கும்போது

சிங்கப்பூரில் எங்கள் தரைவீட்டுப் பின்பக்க மல்பெரி காய்க்கத் தொடங்கினால் ஒரே காலையில் மூன்று கிலோ சேர்ந்துவிடும். அந்த ஆசையில் வாளியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மேலே விழும் பழத்தின் கனத்தில் அடியில் இருப்பது நசுங்கிச் சாறு விட்டுவிடும். அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குமேல் குவிக்காமல் பறிப்பதே நல்லது. சிவப்பாக இருப்பதை விட்டுவிடுங்கள். மாம்பழம்போல இது வீட்டில் வைத்தால் பழுத்து இனிக்காது. நன்றாகக் கறுத்து, விரல் பட்டதும் கையோடு வருகிறதே, அதுதான் பழம்.

பறித்ததும் மொத்தத்தையும் கழுவிவிட வேண்டாம். ஈரம் பட்ட பழம் நம் ஊர் வெக்கையில் மறுநாளே புளித்துப்போகும். சாப்பிடப்போவதை மட்டும் கழுவினால் போதும். மற்றதைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாளுக்குமேல் நம்ப முடியாது.

வெயிலில் வற்றல் போடும் யோசனை வேண்டவே வேண்டாம். ஊரில் மொட்டைமாடியில் மிளகாய் காயவைத்த பழக்கத்தில் அம்மா ஒருமுறை முறத்தில் பரப்பினார். மதியம் மழை, மாலையில் வெயில், மறுநாள் மறுபடி மழை. மூன்றாம் நாள் பழத்தின் மணிகளுக்கு நடுவே பஞ்சுபோல வெள்ளைப் பூசணம். ஒரு முறம் பழத்தையும் அப்படியே கொட்டினோம். அம்மாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சிங்கப்பூர் ஈரக்காற்றில் வெயிலை நம்பக்கூடாது. மின்சார உலர்த்தியில் 60 டிகிரி வைத்தால் சரியாகக் காயும்.

என்னைக் கேட்டால், முதலில் உறையவைத்துவிடுங்கள். கழுவி, துணியில் ஒற்றி எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவைத்து, அப்புறம் பையில் போட வேண்டும். நேராகப் பையில் போட்டால் ஒரே கட்டியாகிவிடும், உடைக்க இடிகல்தான் தேவைப்படும். பச்சைக் காம்பைக் கையால் பிய்த்தால் பழம் கிழியும். கத்தரிக்கோலால் வெட்டுங்கள்.

ஜாமுக்கு அவசரமே இல்லை, உறைந்த பழத்திலும் அது அருமையாக வரும். கறுத்த பழத்தை மட்டும் போட்டால் ஜாம் இறுகாது, ஏனென்றால் ஜாமை இறுகவைக்கும் பெக்டின் என்ற பொருள் பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடுகிறது. கிலோவுக்கு, இதற்கென்று மட்டும் பறித்த ஒரு கைப்பிடி சிவப்புப் பழமும் இரண்டு எலுமிச்சைச் சாறும் சேருங்கள். நாம் வளர்க்கும் இனிப்பு வகையில் புளிப்பு குறைவு, அதனால் எலுமிச்சையை விட்டுவிட்டால் ருசியும் மந்தம், நாள்படவும் தாங்காது. அலுமினியச் சட்டி கூடாது. ஆறியதும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

சரி, ஒரே நேரத்தில் ஏன் இவ்வளவு பழம்? நாம்தான் காரணம். மல்பெரி புதுத் தளிரில்தான் காய்க்கும். மரம் முழுவதையும் ஒரே நாளில் கவாத்து செய்து இலையை உருவினால், முழு மரமும் ஒன்றாகப் பழுக்கத்தான் செய்யும். இப்போது பாதிக் கிளைகளை மட்டும் வெட்டுங்கள். மீதியை நான்கு வாரம் கழித்து வெட்டலாம்.