நாவலும் தன்வரலாறும்: படித்ததைப் பற்றி உருப்படியாக எழுத

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு மதிப்புரைகளில் ஒரே அச்சில் வார்த்த வாசகங்கள் வரிசைகட்டும். ‘ஒரே மூச்சில் படித்து முடித்தேன்’, ‘மனதைப் பிசைந்துவிட்டது’, ‘அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்’. இவற்றை எந்தப் புத்தகத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம், கோளாறே அதுதான். மதிப்புரை படிக்கிறவர் கேட்பது சாதாரணக் கேள்வி: 400 ரூபாய் கொடுத்து வாங்கலாமா, நூலகத்தில் எடுத்தால் போதுமா, விட்டுவிடலாமா? அதற்குப் பதில் சொல்ல, பிடித்ததா இல்லையா என்பதைவிட எந்தப் பக்கத்தில் பிடித்தது, எந்தப் பக்கத்தில் சலித்தது என்பதே உதவும்.

படிக்கும்போதே குறிப்பு

நாலாக மடித்த ஒரு வெள்ளைத்தாளைப் புத்தகத்துக்குள் செருகிக்கொள்ளுங்கள். அடையாளச் சீட்டும் அதுவே, குறிப்பேடும் அதுவே. 250 பக்க நாவலுக்கு 15 முதல் 20 குறிப்பு போதும். ஐம்பதைத் தாண்டினால் எழுதும்போது எதை எடுப்பது என்று திணறி, கடைசியில் கதைச்சுருக்கத்தில் போய் விழுவீர்கள். ஒவ்வொரு குறிப்பிலும் பக்க எண், அங்கே நடப்பதைச் சொல்ல நாலைந்து சொல், உங்களுக்குள் என்ன ஆயிற்று என்று ஒரு சொல். இந்தக் கடைசிச் சொல்லைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்; இரண்டு நாள் கழித்து அதை நினைவிலிருந்து தோண்டி எடுக்க முடியாது.

கரிசல்காட்டுக் கதை ஒன்றைப் படித்தவரின் தாள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

ப. 14 – மடை திறப்பு, கிழவர் ஏசுகிறார் – சிரிப்பு
ப. 63 – மகள் கடிதம், 3 பக்கம் – கொட்டாவி
ப. 118 – மறுபடி மடை, இப்போது பேரன் ஏசுகிறான் – ப. 14!
ப. 170 – பாசன வரலாறு, ஆசிரியரே பேசுகிறார் – தாண்டிவிட்டேன்

இதில் சொத்து 14க்கும் 118க்கும் நடுவே இருக்கிறது. கிழவரின் ஏச்சில் உரிமை இருந்தது. அதே வசவு பேரன் வாயில் வெறும் திமிராகிவிட்டது என்று கவனித்துவிட்டால் மதிப்புரைக்கு நடுத்தூண் கிடைத்துவிட்டது. 170 இன்னொரு சங்கதி: பாத்திரங்கள் சொல்லவேண்டியதை ஆசிரியர் தாமே சொல்லத் தொடங்குகிற இடம். தமிழ் நாவல்களில் இது பிற்பகுதியில் அடிக்கடி தலைகாட்டும், தேடிய தரவையெல்லாம் கொட்டிவிடும் ஆசையில்.

கிண்டிலில் படித்தால் எழுத்தளவை மாற்றும்போது திரையில் விழும் வரிகளும் மாறும். அங்கே அத்தியாய எண்ணைக் குறியுங்கள்.

தமிழ்ப் புத்தகங்களில் முன்னுரை, அணிந்துரை, ஆசிரியருரை என்று மூன்று வாசல் இருக்கும். கதைக்குள் போகுமுன் அவற்றைத் திறக்காதீர்கள். அணிந்துரை எழுதுகிறவர் முடிவைப் போட்டு உடைப்பது சகஜம். அதைவிட மோசம், அவருடைய சொற்கள் உங்கள் சொற்களாகிவிடும். பின்னட்டை வாசகமும் அப்படியே. தன்வரலாற்றுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, கீழே வருகிறது.

படித்து முடித்த அன்றே எழுத வேண்டாம். கடைசி 30 பக்கத்தின் சூடு முன்னால் போன 220 பக்கத்தை மறைத்துவிடும். இரண்டு நாள் விட்டு, தாளைப் பார்க்காமல் பாத்திரங்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். கதாநாயகன் பெயர் மறந்து, டீக்கடைக்காரர் பெயர் நினைவில் நின்றால், அதையே மதிப்புரையில் சொல்லலாம்.

வகைக்கு ஒரு முழக்கோல்

குற்றக்கதையை ‘ஆழமில்லை’ என்று தள்ளுவது இட்லியைப் பார்த்து முறுமுறுப்பு இல்லை என்று குறைசொல்வது போல. அங்கே பார்க்கவேண்டியது, குற்றவாளி பிடிபட்ட தடயம் அதற்கு முன்பே வாசகர் கண்ணில் பட்டதா என்பது. முடித்ததும் முதல் 30 பக்கத்தைத் திரும்பப் புரட்டுங்கள். தடயம் அங்கே இருந்து நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் ஆசிரியர் ஜெயித்தார். கடைசி அத்தியாயத்தில் திடீரென ஓர் இரட்டைச் சகோதரன் முளைத்தால் ஏமாற்றினார். ராஜேஷ்குமார் பழக்கப்படுத்திய, இரண்டு கதை மாறிமாறி ஓடும் இரட்டைத் தடக் கதை என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: இரண்டு தடமும் சேரும் இடம் கதையின் தேவையால் வந்ததா, பக்கம் தீர்ந்ததால் வந்ததா?

சரித்திர நாவலுக்குச் சமையலறையிலிருந்து தொடங்கலாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகுதான் இந்தப் பக்கம் வந்தன. ராஜராஜன் காலத்து அடுப்பில் மிளகாய் வற்றல் தாளித்தால் அது பிழை. ஆனால் ஒரு மிளகாய்க்காக நாவலையே கழுவேற்ற வேண்டாம்; ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். நீண்ட காலத்தைத் தொடும் நாவலில் இன்னும் நிதானம் வேண்டும். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது, அறுநூறு ஆண்டு மதுரையைச் சொல்வது. ஓர் அத்தியாயத்தில் பிழையாகிற பொருள் இன்னொன்றில் சரியாக இருக்கும். இப்படிப்பட்ட தலையணைப் புத்தகங்களுக்கு ஆண்டுக்கோடு ஒன்று போட்டு வைத்துக்கொள்ளாமல் வாயைத் திறக்காதீர்கள்.

வார இதழில் தொடராக வந்து நூலான கதையில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கொக்கி இருக்கும். வாரம் ஒருமுறை படித்தபோது அது தூண்டில். புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது வேகத்தடை. தொடராக வந்ததா என்று விவரப் பக்கத்திலோ முன்னுரையிலோ பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வட்டார நாவலில் ‘மொழி புரியவில்லை’ என்று எழுதுமுன் ஒரு வேலை பாக்கி. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கும் பெருமாள்முருகன் கொங்கு வழக்குக்கும் அகராதி தொகுத்திருக்கிறார்கள். புரியாத பத்துச் சொல்லைத் தேடிப் பாருங்கள். ஏழுக்குச் சூழலிலிருந்தே பொருள் கிடைத்திருந்தால் ஆசிரியர் மேல் தப்பில்லை. ‘சூல்’ (2016) நாவலில் சோ. தர்மன் உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றியே எழுதுகிறார். மடை (நீர் திறந்துவிடும் வாய்), கலிங்கு (மிகைநீர் வழியும் இடம்), மறுகால் (அந்த நீர் ஓடும் வாய்க்கால்) தெரியாதவர் நாவலின் பாதியைக் கடலைத் தோலோடு விழுங்கிவிடுவார். உறவுமுறை நெருக்கியடிக்கும் நாவலுக்கு ஒரு கொடிவழிப் படம் வரையுங்கள், பென்சிலால். தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ (2020) போன்ற ஒன்றைப் படிக்கையில் யார் அத்தை, யார் சின்னம்மா என்று தெரியாவிட்டால் ஒரு சாவு வீட்டில் யார் ஏன் அழுகிறார்கள் என்பதும் தெரியாது. அந்தத் தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாட்டிலிருந்து வந்தது. ஆற்றோடு போகும் புணையின் (தெப்பத்தின்) உவமை. தலைப்பின் ஊற்றைக் கண்டுபிடிப்பது பத்து நிமிட வேலை, பலனோ பெரிது.

மொழிபெயர்ப்புக்கு, மொழிபெயர்த்தவர் பெயரைச் சொல்லாமல் விட்டால் அந்த மதிப்புரை பாதிதான். கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் நாவலுக்கு 2016இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு கிடைத்தபோது பணம் அவருக்கும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவருக்கும் சரிபாதியாகப் போனது. அந்த ஆங்கில வடிவில் பிழைகள் உண்டு என்று கொரியாவில் பெரிய வாக்குவாதமும் நடந்தது. தமிழுக்கு வரும் கிழக்காசிய நாவல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வருகின்றன. ஆகவே ஒரு வாக்கியம் முடமாக இருந்தால் எந்த வாசலில் கால் இடறியது என்று தெரியாமல் மூல ஆசிரியரைத் திட்டாதீர்கள். தமிழ் வாக்கியம் தமிழாக இருக்கிறதா என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். உரக்க ஒரு பக்கம் வாசியுங்கள். மூச்சு முட்டும் இடங்களை எண்ணுங்கள்.

தன்வரலாறு: வாழ்க்கை வேறு, புத்தகம் வேறு

அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆசிரியர் பட்ட பாட்டைப் பார்த்து நெகிழ்ந்து, அந்த நெகிழ்வையே மதிப்பீடாக எழுதிவிடுகிறோம். பட்ட பாட்டுக்கு மரியாதை கொடுங்கள். எழுத்தை எழுத்தாக எடைபோடுங்கள்.

முன்னுரையைத் தன்வரலாற்றில் மட்டும் முதலில் படிக்கவேண்டும். யார் எழுதினார், சொல்லக் கேட்டு யாராவது எழுதினார்களா, யார் தொகுத்தார், எப்போது வெளிவந்தது என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அவர் 2015இல் மறைந்த பிறகு, 2016இல் வந்தது. ஆசிரியர் கண்முன் அச்சாகாத புத்தகத்தை வேறு மாதிரிதான் படிக்கவேண்டும். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940இல் தொடராகத் தொடங்கி, 1942இல் அவர் காலமானதோடு நின்றுபோனது, நூலானது 1950இல். முடிவு திடீரென அறுபடுகிறது என்று அதைக் குறைசொன்னால் குறை யாருடையது?

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: நடந்த ஆண்டு, எழுதிய ஆண்டு. இடைவெளி 50 வருடம் என்றால், பக்கம் பக்கமாக மேற்கோள் குறிக்குள் வரும் உரையாடல் நினைவிலிருந்து வந்ததல்ல, கைவேலை. கைவேலை தப்பில்லை, அது அந்த மனிதர்களின் பேச்சாக ஒலிக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஊரறிந்த மூன்று நிகழ்வைத் தேர்ந்து ஆண்டைச் சரிபாருங்கள். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பர். 1956இல் பிறந்ததாகச் சொல்கிறவர் அப்போது எட்டாம் வகுப்பில் இருந்தேன் என்றால் கணக்கு உதைக்கிறது. உதைத்தால் உடனே ‘பொய்’ என்று எழுதவேண்டாம். ஒரே ஒரு இடத்தில் என்றால் மறதி. பிழைகளெல்லாம் ஆசிரியருக்குச் சாதகமாகவே சாய்ந்தால், அதைப் பக்க எண்ணோடு சொல்லுங்கள்.

சொல்லாமல் தாண்டிய ஆண்டுகளையும் கவனியுங்கள். இளமைக்கு 150 பக்கம், திருமணத்துக்கு ஒரு பத்தி என்றால் அது தற்செயல் இல்லை. திருப்பித் திருப்பி வரும் சம்பவத்தைக் கண்டு ‘கூறியது கூறல்’ என்று முத்திரை குத்துமுன்னும் நிதானியுங்கள். பாமாவின் ‘கருக்கு’ (1992) பிறப்பு, பள்ளி, வேலை என்று வரிசையாகப் போவதில்லை. ஒரே நிகழ்வு வேறு வேறு இடத்தில் வேறு வெளிச்சத்தில் வரும். திரும்பி வரும்போது புதிதாக எதாவது சேர்கிறதா என்பதுதான் சோதனை.

புனைவும் வாழ்க்கையும் கலந்த நூல்களும் உண்டு. அ. முத்துலிங்கம் தன் நாவலுக்கு ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ (2008) என்றே பெயர் வைத்தார். அட்டையில் நாவல் என்று இருந்தால் ‘ஆசிரியர் அங்கே வேலை பார்த்தார்’ என்று எழுதக்கூடாது, ‘கதைசொல்லி பார்த்தார்’ என்று எழுதவேண்டும்.

எழுத உட்காரும்போது

அளவு 500 முதல் 700 சொல். ஆசிரியரின் விருதுப் பட்டியலோடு தொடங்காதீர்கள். குறிப்புத்தாளில் உங்களை உலுக்கிய ஒரு காட்சியோடு தொடங்குங்கள். கதைச்சுருக்கம் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது, புத்தகத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியும் போகக்கூடாது. 240 பக்கம் என்றால் 80ஆம் பக்கத்தோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, தேய்ந்த வாக்கியத்தைப் பழுதுபார்ப்பது. ‘பாத்திரங்கள் உயிரோட்டமாகப் படைக்கப்பட்டுள்ளன’ என்று எழுதிவிட்டீர்களா? எந்தப் பாத்திரம், எங்கே என்று உங்களையே கேளுங்கள். ‘கணவனிடம் ஒரு சொல் பேசாத பெரியம்மா மாட்டிடம் மட்டும் மணிக்கணக்கில் பேசுகிறாள்; அவள் மனசு நமக்குத் தெரிவது அந்த ஐந்து பக்கத்தில்தான்’ என்று வந்துவிட்டால் முதல் வாக்கியத்தை அடித்துவிடலாம். ‘நடை அருமை’ என்பதும் இதே ஜாதி. இரண்டு வரி மேற்கோள் அதைவிட அதிகம் சொல்லும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மதிப்புரைக்காக நியாயமான அளவு மேற்கோள் காட்ட இடம் தருகிறது. இத்தனை சொல் என்று கணக்கு எதுவும் அதில் இல்லை. நாலைந்து வரி கொண்ட இரண்டு மேற்கோள் என்றால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஒரு முழு அத்தியாயத்தைப் படமெடுத்துப் போடுவது திருட்டு.

பிடிக்காத புத்தகம் என்றால் அது என்ன செய்ய முயன்றது என்று ஒரு வரி, எங்கே வழுக்கியது என்று பக்கத்தோடு இரண்டு இடம், அது யாருக்குப் பிடிக்கக்கூடும் என்று ஒரு வரி. ஆசிரியர் உங்களுக்குத் தெரிந்தவர், புத்தகம் இலவசமாக வந்தது என்றால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் மறைத்த மாதிரி ஆகும். அச்சுப்பிழை மலிந்திருந்தால் 20 பக்கத்துக்கு எத்தனை என்று எண்ணிச் சொல்லலாம், ஆனால் ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள், மெய்ப்பு பார்த்தவர்களின் வேலை அது. பேச்சு வழக்கை அச்சுப்பிழைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

கடைசியில் நூல் விவரம்: தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், எத்தனையாவது பதிப்பு, ஆண்டு, பக்கம், விலை. புத்தகக் காட்சிக்காக அவசரமாக வரும் நூல்களில் ‘முதல் பதிப்பு: டிசம்பர்’ என்று இருக்கும், கைக்கு வருவது ஜனவரியில், அச்சில் உள்ளதையே எழுதுங்கள். மறுபதிப்பில் பக்க எண் மாறும், ஆகவே எந்தப் பதிப்பின் பக்கம் என்று சொல்லாவிட்டால் நீங்கள் பாடுபட்டுக் குறித்த எண்களெல்லாம் வீண். வெளியிடுமுன் மேற்கோள்களைப் புத்தகத்தை விரித்துவைத்து எழுத்துக்கெழுத்து ஒப்பிடுங்கள். ஒரு ‘ல’கரம் ‘ள’கரமானால் ‘வலி’ ‘வளி’யாகிவிடும், உங்கள் பிழை ஆசிரியர் கணக்கில் போய்ச் சேரும்.