வேலூருக்கு எம்.எஸ். சிகிச்சைக்காக வருபவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்தும் பினாங்கிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்னும் எம்.எஸ். நோய்க்கு ட்ரிப்ஸ் வழியாக மருந்தேற்றிக்கொள்ள வேலூருக்கு வரும் தமிழர்கள் என்னிடம் முதலில் கேட்பது, மருந்து ஏறும்போது வலிக்குமா என்பதுதான். ஊசி குத்தும் அந்த ஒரு கணம் தவிரப் பெரும்பாலும் வலிக்காது. ராணிப்பேட்டையில் பிறந்து சத்துவாச்சாரியில் குடியிருக்கும் நானும் இதே நோயோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையை நீட்டிக்கொண்டு படுப்பவள்தான். மருந்தேறும் நாளைச் சிஸ்டர்களும் மருத்துவர்களும் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். ஆகவே இந்த வழிகாட்டியில் அந்த வாரங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொண்டு வாருங்கள். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடலின் சொந்த நோயெதிர்ப்பு ஆற்றலே அரிப்பதால் வருவது எம்.எஸ். ரிட்டுக்ஸிமாப், ஒக்ரிலிசுமாப் போன்ற மருந்துகள் அந்தத் தாக்குதலில் பங்குள்ள பி செல்கள் என்னும் இரத்த வெள்ளையணுக்களைக் குறைத்து, புதிய தாக்குதல்கள் வராமல் தடுக்கின்றன. ஏற்கெனவே தழும்பேறிய இடத்தை அவை பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. மருந்து ஏறிய மறுநாளே கால் நேராகிவிடும் என்று நம்பி வந்து, மனம் உடைந்து திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரிட்டுக்ஸிமாப் மருந்தை இந்திய நிறுவனங்கள் 2007 முதல் தயாரித்து விற்பதால் இங்கே அது பல நாடுகளைவிட மலிவாகக் கிடைக்கிறது. எம்.எஸ். நோய்க்கென்று அதற்கு முறையான உரிமம் இல்லாதபோதிலும் நரம்பியல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தி வருகிறார்கள்; உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் எம்.எஸ். நோய்க்கான அத்தியாவசிய மருந்துகளில் அதைச் சேர்த்தது. விலை குறைவான மருந்து என்பதால் தரம் குறைந்த சிகிச்சை என்று உங்கள் உறவினர்கள் சொன்னால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

புறப்படும் முன் எம்.ஆர்.ஐ. படங்களை அறிக்கைத் தாளோடு மட்டும் நிறுத்தாமல் சி.டி.யாகவும் எடுத்து வாருங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் புதிய தழும்பு எது என்று மருத்துவரால் சொல்ல முடியும். அக்வாபோரின்-4, மாக் ஆகிய எதிர்ப்பொருள்களுக்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டிருந்தால் அந்த முடிவும் அவசியம். ஏனெனில் என்.எம்.ஓ. என்ற இன்னொரு நோயும் கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கி எம்.எஸ். போலவே தோற்றமளிக்கும், எம்.எஸ். நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் அந்நோயை மோசமாக்கிவிடும். ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை இல்லாமல் பி செல்லைக் குறைக்கும் மருந்தைத் தொடங்கக் கூடாது, காரணம் உடலில் உறங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் மருந்தின் பின் விழித்துக்கொள்ளலாம். காசநோய்ப் பரிசோதனையும் இம்யூனோகுளோபுலின் என்னும் நோயெதிர்ப்புப் புரதங்களின் அளவும் பெரும்பாலும் கேட்கப்படும். தடுப்பூசிகளை ஊரிலேயே முடித்துக்கொள்வது நல்லது. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி என்றால் மருந்துக்குக் குறைந்தது 4 வாரம் முன்பாகவும், மற்றவை என்றால் 2 வாரம் முன்பாகவும் போட்டிருக்க வேண்டும் என்பது ஒக்ரிலிசுமாப் மருந்துக்கான விதி. இங்கே வந்திறங்கிய பிறகு இது நினைவுக்கு வந்தால், அந்த வாரங்கள் முழுவதும் லாட்ஜ் வாடகையாகப் போய்விடும்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் சிகிச்சைக்கு வருபவர்கள் மருத்துவ விசாவில்தான் வர வேண்டும். துணைக்கு வருபவருக்குத் தனி விசா உண்டு. வெளிநாட்டவர் வந்து தங்கும் விவரத்தை லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு ஆனதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி வெயில். இந்த ஊரை அறியாதவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்வதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சுற்றிலும் பாறை மலைகள் சூழ்ந்த வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கத்திரி வெயிலில் இரவிலும் சுவர் சுடும். மயலின் உறை தேய்ந்த நரம்பில், உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே செய்தி கடத்துவது தடைப்படலாம். 1890-இல் வில்ஹெல்ம் உட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் விவரித்ததால் இதற்கு அவர் பெயரே நிலைத்தது. ஒரு மே மாதப் பிற்பகலில் ராணிப்பேட்டையிலிருந்து நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டே வந்த நான், இறங்கும் படியில் வலது காலை வைத்தபோது கால் இருப்பதே தெரியாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். கண்ணும் மங்கியது. புதிய தாக்குதல் வந்துவிட்டது என்று அழுதேன். பழக்கடை அக்கா என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றி, மோர் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் கால் திரும்பி வந்தது. வெப்பத்தால் வருவது குளிர்ந்ததும் போய்விடும். காய்ச்சலோ தொற்றோ இல்லாதபோது புதிய அறிகுறி ஒன்று தோன்றி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதைத் தாக்குதல் என்று மருத்துவர்கள் கருதுவார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் ஸ்டீராய்டு போட்டுக்கொள்ள ஓடாதீர்கள்; தெரிந்துகொண்டோம் என்று உண்மையான தாக்குதலை வெயில் என ஒதுக்கியும் விடாதீர்கள். ஆறு மாதச் சுற்று உள்ளவர்கள், மருத்துவர் ஒப்புக்கொண்டால், அது ஜனவரியிலும் ஜூலையிலும் விழும்படி அமைத்துக்கொள்ளலாம். ஜூலை குளிர்காலம் ஆகாது என்றாலும் மே மாதத்தோடு ஒப்பிட்டால் அது வரம்.

சென்னையிலிருந்து வேலூர் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் காட்பாடி சந்திப்பில் இறங்கிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து நகருக்குள் வர வேண்டும். நடைமேம்பாலம் ஏற முடியாதவர்கள் சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் ஐடா ஸ்கட்டர் சாலையையும் காந்தி ரோட்டையும் ஒட்டிய சந்துகளில் எண்ணற்ற லாட்ஜுகள் உள்ளன. வாடகையைக் கேட்கும் முன், லிஃப்ட் ஓடுகிறதா, மின்சாரம் நின்றால் ஏ.சி.க்கு ஜெனரேட்டர் உண்டா, வெஸ்டர்ன் கழிப்பறை கட்டிலுக்கு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். நமக்குச் சிறுநீரை அடக்கும் ஆற்றல் குறைவு என்பதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். குளிக்க வெதுவெதுப்பான நீர் போதும். எம்.எஸ். இருக்கிறதா என்று கண்டறிய நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்த்த காலமும் உண்டு என்றால், வெந்நீர் நமக்கு என்ன செய்யும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு மொழி பற்றி ஒரு குறிப்பு. பக்கத்துக் கட்டிலில் இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர், “கால் விறைக்குது சிஸ்டர்” என்றார். அந்தச் சிஸ்டர், கால் கம்பு போல் இறுகுகிறது என்று புரிந்துகொண்டு அப்படியே எழுதிவிட்டார். தம்பி சொல்ல வந்தது உணர்ச்சி இல்லை என்பதை. உங்கள் ஊரில் விறைப்பு என்றால் உணர்விழப்பு. எங்கள் பக்கம் விறைப்பு என்றால் இறுக்கம், உணர்விழப்புக்கு மரத்துப்போவது என்போம். இந்த நோயில் இரண்டும் வரும், இரண்டுக்கும் மருத்துவம் வேறு. ஆகவே, “தொட்டால் தெரியவில்லை”, “மடக்க முடியாமல் இறுகுகிறது” என்று நடப்பதை நடக்கிறபடியே சொல்லுங்கள்.

மருந்தேறும் நாளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒக்ரிலிசுமாப் என்றால் முதல் தவணையை 300 மில்லிகிராம் வீதம் இரண்டாகப் பிரித்து இரண்டு வார இடைவெளியில் கொடுப்பார்கள், எனவே முதல்முறை வருபவர்கள் பரிசோதனை நாட்களையும் சேர்த்து ஒரு மாதம் தங்கத் திட்டமிடுங்கள். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 600 மில்லிகிராம். ரிட்டுக்ஸிமாப் அளவை மருத்துவர் முடிவு செய்வார். மருந்துக்கு முன்பு ஸ்டீராய்டு ஊசியும் ஒவ்வாமைக்கான மருந்தும் பாராசிட்டமாலும் கொடுப்பார்கள். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும், அன்றிரவு தூக்கம் வராது; சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையை அன்று காலை போடலாமா என்றும் கேளுங்கள், ஏனெனில் மருந்தே அழுத்தத்தைக் குறைக்கக்கூடும். மருந்தை வெளியே வாங்கி எடுத்துச்செல்ல நேர்ந்தால் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். உறைந்தால் வீணாகிவிடும், அதனால் பாட்டிலை ஐஸ் நேராகத் தொடக் கூடாது. தொண்டையில் சிறு அரிப்பு, காதுமடலில் சூடு, தோலில் தடிப்பு என்று எது தோன்றினாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். “சின்ன விஷயத்துக்கெல்லாம் தொந்தரவு செய்யக் கூடாது” என்று நம் வீடுகளில் பழக்கியிருக்கிறார்கள்; மருந்தேறும்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். முடிந்தபின் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருக்க வேண்டும்.

அதன் பிறகு வரும் நாட்களில் காய்ச்சல்தான் முதல் எதிரி. வெப்பமானி ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காலை வரை காத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று நமக்கு எளிதில் வரும், அதன் காய்ச்சல் பழைய அறிகுறிகளை எல்லாம் கிளப்பிவிடும். கொதிக்கவைத்த நீரும் சூடான இட்லியும் போதும். ஆம்பூர் பிரியாணி எங்கும் போய்விடாது, கூட்டம் நெருக்கும் கடையைத் தவிர்த்து அறைக்கு வரவழைத்துச் சாப்பிடுங்கள்.

நட்டாலிசுமாப் எடுப்பவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. அது 4 வாரத்துக்கு ஒருமுறை ஏறும் மருந்து. இடையில் நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பலாம், மூளையில் அரிதாகத் தொற்றை உண்டாக்கக்கூடிய ஜே.சி. வைரஸுக்கான பரிசோதனையையும் அவ்வப்போது செய்துவர வேண்டும். கடல் தாண்டி மாதாமாதம் வேலூருக்கு வந்துபோக முடியும் என்று நான் நம்பவில்லை. உங்கள் ஊரிலேயே அதை ஏற்றிக்கொள்ள வழியுண்டா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள்.

தங்கும் வாரங்களில் வேலூரை ஒட்டிய பாகாயத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் அங்கே இயங்குகிறது. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் உழைப்பில் உருவானது அது. மருந்து புதிய சேதத்தைத் தடுக்கும். இருக்கும் காலை வைத்து எப்படி நடப்பது, எப்போது தடியை எடுப்பது, களைப்பை நாளெல்லாம் எப்படிப் பங்கிடுவது என்பதை இயன்முறை மருத்துவர்கள்தான் கற்றுத்தருவார்கள். இந்தியக் குடியுரிமையோடு நிரந்தரமாகத் திரும்பி வந்தவர்கள், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் எம்.எஸ். இடம்பெற்றிருப்பதால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஊர் திரும்பும் முன் அடுத்த தவணையின் தேதி, ஏற்றிய மருந்தின் பெயர், அளவு, அதன் தொகுதி எண், அன்று வந்த ஒவ்வாமை எல்லாவற்றையும் ஒரே தாளில் மருத்துவரின் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ஒரு நகலை உடன் வருபவரின் பையிலும் வையுங்கள்.