இத்தாலியில் ரயில் பாஸை வீணாக்காமல் பயணம் செய்வது எப்படி?

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்கள் வாங்க வேண்டியது யூரெயில் பாஸ். அங்கேயே வசிப்பவர்களுக்கானது இன்டர்ரெயில். ஒரு மாதத்துக்குள் ஏதேனும் 5 நாட்களில் எத்தனை ரயிலிலும் ஏறலாம் என்பது போன்ற பாஸில் ஒவ்வொரு பயண நாளும் நள்ளிரவு முதல் மறுநாள் நள்ளிரவு வரை செல்லும் என்பதால், நீண்ட பயணங்களை ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்துக்கொள்வதே சிக்கனம். ஃபுளோரன்ஸிலிருந்து பீசா போன்ற ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாஸ் நாளைச் செலவிடாதீர்கள். 'ரெஜியோனாலே' எனப்படும் வட்டார ரயிலுக்கு முன்பதிவே தேவையில்லை, கட்டணமும் குறைவு. ஆனால் அதற்குத் தனியாக வாங்கும் காகிதச் சீட்டை, ஏறுவதற்கு முன் நிலையத்திலுள்ள சிறிய இயந்திரத்தில் செருகி, தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அச்சு விழாத சீட்டுக்கு அபராதம் உண்டு.

ஃப்ரெச்சாரோஸா போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் தனிக் கட்டணம் செலுத்தி இருக்கையை முன்பதிவு செய்தே ஆக வேண்டும். நேப்பிள்ஸிலிருந்து பொம்பேய், சொரெந்தோ செல்லும் சிர்கும்வெசுவியானா ரயிலில் பாஸ் செல்லாது.

இணைப்பு ரயிலைத் திட்டமிடும்போது குறைந்தது அரை மணி நேர இடைவெளி விடுங்கள். நிலையத்தில் ஒட்டப்பட்டிருக்கும் மஞ்சள் அட்டவணை புறப்பாட்டுக்கும் வெள்ளை அட்டவணை வருகைக்கும் உரியவை. அவசரத்தில் இவற்றை மாற்றிப் படித்துவிடுவது எளிது. வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டால், வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உறுதிசெய்யப்பட்ட வட்டார ரயில்கள் ஓடும். பயணத்தை அந்த நேரத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள்.