மாடு புல் மட்டும்தான் தின்னும் என்று யார் சொன்னது?

போன கிழமை நெடுங்கேணிப் பக்கம் மருமகன் ஒருவன் புதிதாகப் போட்ட பட்டியைப் பார்க்கப் போனேன். பன்னிரண்டு நாகுகள், நல்ல நாட்டு மாடுகள். ஆனால் காணியில் ஒரு பற்றை இல்லை. டோசர் பிடித்து வழித்து வேலியோரம் குவித்திருந்தான். "மாமா, புல்லுக்கு வெளிச்சம் வேணும்தானே?" என்றான். மீளக் குடியேறிய புதிதில் நான் சொன்ன அதே வசனம்!

தண்ணீர் வை, பூச்சி மருந்து கொடு என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விடுகிறேன். புதிதாக மாடு வளர்ப்பவர்கள் மேய்ச்சலில் விடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

பற்றையை வழித்துத் தள்ளுதல்

மார்கழியில் பார்த்தால் வன்னியில் புல்லுக்குக் குறைவே இல்லை. அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். வைகாசிக்குப் பிறகு சோளகம் வீசத் தொடங்கினால் அந்தப் புல் நின்றபடியே வைக்கோலாகிவிடும். புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய புல்லை இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களால் சரியாகச் செரிக்க வைக்க முடியாது. வயிறு நிரம்பியிருக்கும், மாடு மெலியும். சாணியைப் பாருங்கள்: கட்டியாக, அடுக்கடுக்காக விழுந்தால் இதுதான் காரணம்.

அந்த நேரத்தில் மாட்டைக் காப்பாற்றுவது இலைதான். வாகை, ஆத்தி, இத்தி, இலந்தை எல்லாம் வேர் ஆழமாகப் போனவை. புல் காய்ந்த பிறகும் பச்சை வைத்திருக்கும். என்னிடம் ஒரு கிழட்டுப் பசு இருந்தது. ஆடி வெயிலில் இலந்தைப் பற்றைக்குள் தலையை நுழைத்து, முள்ளை விலக்கி, நாக்கைச் சுழற்றித் தளிரை மட்டும் இழுத்தெடுக்கும். நான் பற்றையெல்லாம் வெட்டிக் கொளுத்திய வருடம், அதே பசு அந்த மொட்டைக் காணியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆவணிக்குள் அதையும் இரண்டு கன்றுகளையும் இழந்தேன். மிச்சத்தைக் காப்பாற்ற வைக்கோல் வாங்கியே கடனாளியானேன். பக்கத்துக் காணிக்காரர் ஒரு மரத்தையும் தொடாதவர். அவருடைய மாடு ஒன்றும் சாகவில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

வெளிச்சக் கதையும் முழுக்கச் சரியில்லை. கினிப்புல் பாதி நிழலிலேயே நன்றாக வளரும். முள்ளுப் பற்றையை இடையிடையே திறந்து வழி விட்டால் போதும், வேரோடு பிடுங்க வேண்டாம்.

வெயில் ஏறிய பிறகு பட்டி திறத்தல்

மாடு முக்கியமாக மேய்வது விடியலிலும் பின்னேரத்திலும். நடுப்பகலில் நிழலில் படுத்து அசைபோடும். ஒன்பது மணிக்குத் திறந்துவிட்டு "மாடு மேயுதில்லை" என்று முறைப்பட்டால் என்ன செய்வது?

முதல் மழைப் புல்லில் ஒரே நாளில் இறக்குதல்

ஐப்பசிப் பச்சை தண்ணீர்ப் பச்சை. காய்ந்த தீனிக்குப் பழகிய இரைப்பை மாறுவதற்கு இரண்டு மூன்று கிழமை எடுக்கும். காலையில் கொஞ்சம் வைக்கோல் போட்டு அனுப்புங்கள், கழிச்சல் குறையும்.

தரையோடு கிடக்கும் புல்லை நம்புதல்

மாட்டுக்கு மேல்முன்பல் இல்லை. நாக்கால் சுற்றி இழுத்துத்தான் அறுக்கும். ஒட்ட மேய்ந்த குளக்கரைப் புல் ஆட்டுக்குச் சரி.

பார்த்தீனியம்

இந்தக் களையைத் தின்றால் பால் கசக்கும். பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

உப்பு

வையுங்கள்.

மருமகனின் வேலியோரக் குவியலில் வாகைக் கட்டை ஒன்று இன்னும் காயாமல் கிடந்தது. அதன் இலையைத்தான் நாகுகள் முண்டியடித்துத் தின்றுகொண்டிருந்தன. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.