பத்திரத்தில் ‘கார்டியன்’ என்று இருந்தால் எதைப் பார்ப்பது?

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். மனை வாங்க வருகிறவர்கள் தாய்ப்பத்திரத்தில் நான்கு எல்லையையும் சர்வே எண்ணையும் விரல் வைத்துப் படிப்பார்கள். ‘மைனர் கார்டியன்’ என்ற இடம் வந்தால் தாண்டிப் போய்விடுவார்கள். நான் அங்கேதான் நிற்பேன்.

கார்டியன் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் வேர் ஜெர்மானியம். ‘வ’ என்று தொடங்கியது பிரெஞ்சுக்காரர் வாயில் ‘க’ ஆகிவிட்டது. அதனால் கார்டியன், வார்டு, வார்டன் எல்லாம் பங்காளிகள். 1890ஆம் வருஷத்துச் சட்டத்தின் பெயரே ‘கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ்’. காப்பவர், காக்கப்படும் பிள்ளை, இரண்டுக்கும் ஒரே வேர். தமிழிலும் அப்படித்தான் அமைந்தது: ஹாஸ்டல் வார்டனும் காப்பாளர், மைனரின் கார்டியனும் காப்பாளர். (மைனர் என்ற சொல் மட்டும் நம் ஊரில் செயின் போட்டுக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டது.)

சரி, பத்திரத்துக்கு வருவோம். கார்டியனுக்கு முன்னால் என்ன உறவு எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் தகப்பனார், ‘அவருக்குப் பின்’ தாயார். அந்தப் ‘பின்’னை, அவர் செத்த பிறகு என்றே வெகுகாலம் படித்தார்கள். 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில்தான், ‘அவர் இல்லாத நிலையில்’ என்று உச்ச நீதிமன்றம் பொருள் சொன்னது. தாய்மாமன், தாத்தா என்று இருந்தால் உஷார். கோர்ட்டோ உயிலோ நியமிக்காமல் அவர்கள் மைனர் சொத்தைத் தொடவே முடியாது.

தாய் தகப்பனே ஆனாலும் மைனரின் நிலத்தை விற்கக் கோர்ட் அனுமதி வேண்டும். பத்திரத்தில் ‘ஜி.டபிள்யூ.ஓ.பி.’ (மைனர், கார்டியன் விஷயமாகக் கோர்ட்டில் போடும் மனு) என்று ஒரு எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உத்தரவின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கி, அதில் இதே சர்வே எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிக்கப்படாத கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் கணக்கே வேறு. அதற்கு வக்கீலிடம் போய்விடுங்கள்.

எண் இல்லையென்றால் வயதைக் கணக்குப் போடுங்கள். போன மாதம் ஒருவர் 2017ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் கொண்டுவந்தார். கணவர் சொந்தமாக வாங்கிய மனை. அவர் இறந்தபின் மனைவி, தனக்காகவும் ‘மைனர் வயது 11’ மகனுக்காகவும் விற்றிருக்கிறார். அனுமதி இல்லை. பையனுக்கு 2024இல் பதினெட்டு. அதிலிருந்து மூன்று வருஷம், அதாவது 2027 வரை, தன் பங்கைப் பொறுத்து அந்தக் கிரயத்தை அவன் மறுக்கலாம். வழக்குப் போட்டுத்தான் மறுக்க வேண்டும் என்றும் இல்லை. தானே வேறொருவருக்கு விற்றாலும் மறுத்த மாதிரிதான் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“அந்தம்மா நல்லவங்க சார், அதெல்லாம் வராது” என்றார் வாங்க வந்தவர். அம்மா நல்லவர்தான். கையெழுத்துப் போட வேண்டியது பையன். இப்போதைய கிரயத்தில் விற்பவரோடு சேர்ந்து, பழைய விற்பனையை ஒப்புக்கொண்டு அவனும் கையெழுத்துப் போடட்டும் என்று சொல்லி அனுப்பினேன். கோயம்புத்தூரில் படிக்கிறானாம். வரும்போது பள்ளிக்கூடத்து டி.சி.யைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பிறந்த தேதியைப் பார்த்த அப்புறம்தான் வரைவு எழுதுவேன்.