பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டி: விண்டோஸை அப்படியே மாற்றுவது எப்படி?

லேப்டாப்பை ஆன் செய்து நெடுநேரம் ஆன பிறகும் டாஸ்க் மேனேஜரில் ‘டிஸ்க்’ 100 சதவீதத்திலேயே நின்றால், ராம் வாங்க ஓடாதீர்கள். 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், பெரிய கோப்பையே நொடிக்கு 100 எம்பி அளவில்தான் படிக்கும். சிறு கோப்புகள் சிதறிக் கிடந்தால் 1 எம்பிகூடத் தேறாது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் டேட்டாவை வைக்கும் எஸ்எஸ்டி, சாதாரண சாட்டா (ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே இணைப்பு) வகையிலேயே 500 எம்பியைத் தாண்டும். இருக்கிற விண்டோஸை, சாஃப்ட்வேர்களோடு அப்படியே புது டிரைவுக்கு நகலெடுக்கலாம். இதற்குப் பெயர் க்ளோனிங்.

வாங்குவதற்கு முன்

ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். கனம் 7 மிமீ. பழைய டிஸ்க் 9.5 மிமீ என்றால் எஸ்எஸ்டி ஆடாமல் இருக்க ஒரு ஸ்பேசர் போதும். எம்.2 துளை (மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருக்கிறது என்று பார்த்ததுமே, சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகையை வாங்கிவிடாதீர்கள். சில பழைய போர்டுகளில் அந்தத் துளை சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். டிரைவ் கச்சிதமாக உட்காரும், ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் லேப்டாப்பின் அமைப்புத் திரை) தெரியாது. உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

500 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 465 ஜிபி என்றுதான் தெரியும். 1 டிபி டிஸ்கை சி, டி, இ என்று பிரித்து வைத்திருந்தால், எல்லாவற்றிலும் உள்ள டேட்டாவைக் கூட்டிப் பாருங்கள். 400 ஜிபியைத் தாண்டினால் படங்களையும் வீடியோக்களையும் முதலில் வெளி டிரைவுக்கு நகர்த்திவிடுங்கள்.

கூடவே யுஎஸ்பி 3.0 – சாட்டா கேபிள் ஒன்றும் சிறிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் வேண்டும்.

நகலெடுக்கும் முன்

பெரும்பாலான தோல்விகள் இந்தக் கட்டத்தில் செய்யாமல் விட்டதால் வருபவை.

1. முக்கியமான கோப்புகளை வேறொரு டிரைவில் சேமியுங்கள். க்ளோனிங்கை பேக்கப் என்று நம்பக் கூடாது.

2. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பழைய டிஸ்கின் நிலையைப் பாருங்கள். ‘குட்’ என்றால் சரி. ‘காஷன்’ அல்லது ‘பேட்’ என்று வந்தாலோ, டிஸ்கில் டக் டக் சத்தம் கேட்டாலோ க்ளோனிங்கை மறந்துவிடுங்கள். கெட்ட செக்டார் (டிஸ்கில் படிக்க முடியாத பகுதி) வந்த இடத்தில் நகலெடுப்பு நின்றுபோகும். மணிக்கணக்காகப் படிக்க வைத்தால் டிஸ்கும் செத்துப்போகலாம். கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே புத்திசாலித்தனம்.

3. சி டிரைவின் ப்ராப்பர்ட்டீஸ் – டூல்ஸ் – செக் ஓட்டிப் பிழைகளைச் சரிசெய்யுங்கள்.

4. டிரைவில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் அல்லது ‘டிவைஸ் என்க்ரிப்ஷன்’ இருந்தால் அணைத்து, டிக்ரிப்ட் முடியும்வரை பொறுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலேயே இது இயங்கிக்கொண்டிருக்கலாம். ரெகவரி கீயையும் குறித்து வையுங்கள்.

நகலெடுப்பு

எஸ்எஸ்டியைக் கேபிளில் மாட்டி, நீல நிற யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். சாம்சங் எஸ்எஸ்டிக்கு மேஜிஷியன், க்ரூஷியலுக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கும் அக்ரோனிஸ் என்று தயாரிப்பாளரே சாஃப்ட்வேர் தருகிறார். டிரைவ் சிறியதாக இருந்தாலும் டேட்டா அடங்கினால் பார்ட்டிஷன்களை இவையே சுருக்கிக்கொள்ளும். க்ளோன்ஸில்லாவும் நல்லதுதான், ஆனால் சிறிய டிரைவுக்கு மாற்றும்போது பார்ட்டிஷனை நீங்களே முன்கூட்டிச் சுருக்க வேண்டும். புதியவர்களுக்கு அது தலைவலி.

சோர்ஸ் பழையது, டெஸ்டினேஷன் புதியது. பெயரையும் அளவையும் இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள். தலைகீழானால் வெற்று டிரைவ் உங்கள் டேட்டா மேல் எழுதப்படும். சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முழு டிஸ்கையும் தேர்ந்தெடுங்கள். பூட் ஆகத் தேவையான சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷன் சி டிரைவுக்குள் இல்லை. 200 ஜிபி என்றால் ஒரு மணி நேரம் ஆகலாம். சார்ஜரைக் கழற்றாதீர்கள், ஸ்லீப் ஆகாதபடி பவர் அமைப்பையும் மாற்றுங்கள்.

மாட்டுவது

ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரை விலக்குங்கள். சில மாடல்களில் ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்; மூடி வரவில்லை என்று நெம்பாதீர்கள். பழைய டிஸ்கின் உலோகச் சட்டத்தைக் கழற்றிப் புதியதில் பொருத்தி, அதே இடத்தில் செருகுங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது பழைய டிஸ்க் யுஎஸ்பியில்கூட இருக்கக் கூடாது. நகல் என்பதால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கலாம். விண்டோஸ் ஒன்றை ‘ஆஃப்லைன்’ ஆக்கிவிடும். அல்லது பழையதிலிருந்தே பூட் ஆகி, எஸ்எஸ்டி போட்டும் வேகமில்லையே என்று குழப்பும்.

பூட் ஆகவில்லையா? பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கனெக்டர் சரியாக உட்காரவில்லை. தெரிந்தால், பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில் இருக்கட்டும். யுஇஎஃப்ஐ, லெகசி என்ற இரண்டு பூட் முறைகளில் முன்பு எது இருந்ததோ அதையே வையுங்கள். சாட்டா மோடையும் தொடாதீர்கள், மாற்றினால் நீலத்திரை வரும். அப்படியும் வரவில்லை என்றால் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலர் தயாரித்து, அதில் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ ஓட்டுங்கள்.

விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விடும் என்ற பயம் வேண்டாம். டிஜிட்டல் உரிமம் முக்கியமாக மதர்போர்டைச் சார்ந்தது, டிரைவை அல்ல. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கிறதா என்றும், ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ பகுதியில் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று வருகிறதா என்றும் பாருங்கள். பிட்லாக்கரை அணைத்திருந்தால் மறுபடி இயக்குங்கள். பழைய டிஸ்கை இரண்டு வாரமாவது அழிக்காமல் தனியே வையுங்கள். எல்லாம் சரியாக ஓடினால், ஒரு கேஸ் வாங்கி அதை வெளி டிரைவாக்கிக்கொள்ளலாம்.